கோடிங் தெரிந்த தலையாட்டி பொம்மை

எங்கள் தொழிலில் 'கே.டி கொடுப்பது' என்றொரு சடங்கு உண்டு. தனக்குத் தெரிந்ததை அடுத்தவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்குப் போன் போட்டு, "ஒரு வாரமா கே.டி.லதான்பா இருக்கேன்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்பாவுக்குத் தெரிந்த கேடி, போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோ ஒட்டியிருக்கும் ஆள். "சேர்க்கை சரியில்லைன்னா வந்துடுப்பா, கடையைப் பாத்துக்கலாம்" என்றார் கடைசியில். எங்களுடையது மளிகைக்கடை.

பதினெட்டு வருடம் கழித்துப் போன மாதம் நானே கேடியானேன். புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேருக்கு, தினசரி வேலைக்கு உதவும் டிப்ஸ்களை முக்கால் மணி நேரத்தில் சொல்லும்படி மேனேஜர் கேட்டுக்கொண்டார். என்னை 'ப்ரோ' என்றவர்கள் 'அண்ணா'வுக்கு வந்து, இப்போது 'சார்' எல்லையில் ஒரு காலை வைத்திருக்கிறார்கள். இன்னொரு காலையும் வைப்பதற்குள் பேசிவிடுவோம் என்று ஒப்புக்கொண்டேன்.

இரவு ஸ்லைடு தயாரிக்க உட்கார்ந்தேன். முதல் டிப்ஸ்: 'ஃபைனல் என்று பெயர் வைத்துக் கோப்புகளைச் சேமிக்காதீர்கள், கிட் பயன்படுத்துங்கள்.' கோப்பின் பழைய வடிவங்களைப் பத்திரப்படுத்தும் கருவி அது. அழகாக அடித்து, நடுவில் நிறுத்தி, கொட்டை எழுத்தாக்கிச் சேமித்தேன். சேமித்த கோப்பின் பெயர், டிப்ஸ்_ஃபைனல்_2_புதுசு.

பதினான்கு ஸ்லைடு தேறியது. ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. இதில் ஒன்றைக்கூட நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொன்றும் நான் எங்கேயோ வாங்கிய அடி. ஸ்லைடில் தைலம் மட்டும் இருக்கிறது, அடி இல்லை. அடியைச் சொல்லலாமென்றால், மேனேஜர் முதல் வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உதாரணமாக, மூன்றாவது ஸ்லைடு. 'விம் எடிட்டரிலிருந்து வெளியேற: எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி.' ஒரே வரி. இந்த ஒரு வரிக்கு நான் கொடுத்த விலை ஒரு முழு மாலைப்பொழுது. சேர்ந்த இரண்டாவது வாரம், சர்வரில் ஒரு கான்ஃபிக் கோப்பில் ஓர் எண்ணை மட்டும் மாற்றச் சொன்னார் சீனியர். திறந்தேன். எழுத்தை அடித்தால் எழுத்து வரவில்லை, வரி காணாமல் போனது. இன்னொன்றை அடித்தால் போன வரி இரண்டாக வந்தது. அபிமன்யுவுக்காவது சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். எனக்குக் கர்சர் மட்டும்தான், அதுவும் சிமிட்டிக்கொண்டு. கடைசியில் ஜன்னலையே மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடி மாட்டினேன். மறுநாள் காலை அந்த ஃபோல்டரில் பதினோரு ஸ்வாப் கோப்புகள் கிடப்பதைச் சீனியர் பார்த்தார். ஒழுங்காக வெளியேறாமல் ஓடுகிறவர்களின் செருப்பை விம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். பதினோரு செருப்பும் என்னுடையவை.

பின்னால் தெரிந்துகொண்டது: இந்த அவஸ்தை எனக்கு மட்டுமில்லை. விம்மிலிருந்து எப்படி வெளியேறுவது என்ற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் கேள்வியைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை 2017-ல் 10 லட்சத்தைத் தாண்டியது. ஹெச், ஜே, கே, எல் விசைகளை வைத்து இடம் வலம், மேலே கீழே போவதும் வேண்டுமென்று வைத்த சித்திரவதை அல்ல. 1976-ல் பில் ஜாய் மூதாதையான வி எடிட்டரை எழுதியபோது அவர் உட்கார்ந்திருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. அந்த இயந்திரம் போய்ச் சேர்ந்துவிட்டது, பழக்கம் மட்டும் பரம்பரைச் சொத்தாக நம் விரலுக்கு வந்துவிட்டது. பிராம் மோலனார் 1991-ல் வெளியிட்ட விம்மைக் கோப்பு எதுவும் இல்லாமல் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி முகப்பில் ஒரு வேண்டுகோள் தெரியும். நல்ல மனிதர். ஆனால் அந்தச் சாயங்காலம் உதவி தேவைப்பட்ட ஏழைக் குழந்தை இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தது.

அந்த ஆச்சரியக்குறிக்கு மட்டும் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். 'எழுதியது போனால் போகட்டும், ஆளை விடு' என்று அதற்கு அர்த்தம்.

ஐந்தாவது ஸ்லைடு: 'டேட்டாபேஸில் டெலிட் எழுதும் முன் அதே நிபந்தனையோடு செலக்ட் எழுதி எத்தனை வரிசை வருகிறது என்று பாருங்கள்.' இதன் பின்னால் இருக்கும் அடி கொஞ்சம் பலமானது. நான் நிபந்தனை எழுத மறக்கவில்லை, அதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முதல் வரியில் டெலிட், இரண்டாவது வரியில் வேர் என்று பளிச்சென்று எழுதியிருந்தேன். ஆனால் நான் பயன்படுத்திய மென்பொருளில், தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் ஓடும். மவுஸ் முதல் வரியோடு நின்றுவிட்டது. பதினெட்டு வரிசை போக வேண்டிய இடத்தில் பதினாலாயிரத்துச் சொச்சம் நீக்கப்பட்டதாகப் பணிவோடு செய்தி வந்தது. அந்தச் சமயம் ஏசி பதினெட்டு டிகிரியில் இருந்தது. எனக்கு வேர்த்த வேர்வையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்காரர், "கரண்ட் போயிடுச்சா?" என்றார்.

முதலிலேயே 'பிகின்' என்று ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துகொண்டு இறங்கியிருந்தால், 'ரோல்பேக்' என்ற ஒரு சொல்லில் அத்தனையும் திரும்பியிருக்கும். கல்யாண வீட்டில் சம்பந்தியிடம் வாய்தவறிச் சொன்னதற்கு இந்த வசதி கிடையாது. இங்கே இருந்தும் நான் அதைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் இன்னொரு முறையும் உண்டு. ஆயுத பூஜைக்கு ஆபீஸில் எல்லா மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அட்மின் பையன் ஒரு வருடம் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, சர்வர் எங்க இருக்கு?" என்று கேட்டான். சர்வர் கிளவுடில், மும்பையில் இருக்கிறது. பழத்தை எங்கே நசுக்குவது? அந்த யோசனையில்தான், நிஜ வாடிக்கையாளர் தரவு இருக்கும் சர்வருக்குள் நுழையும் டெர்மினல் ஜன்னலை மட்டும் முழுச் சிவப்பாக மாற்றிக்கொண்டேன். டெஸ்ட் சர்வருக்குக் கறுப்பு. சிவப்பைப் பார்த்தால் கை தானாக மெதுவாகும்.

பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ம் தேதி ராத்திரி நடந்ததைத் தேடிப் படிக்கலாம். ஓர் இன்ஜினியர், துணை டேட்டாபேஸ் சர்வரில் காலி செய்ய வேண்டிய ஃபோல்டரை முதன்மை சர்வரில் காலி செய்யத் தொடங்கிவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். 300 ஜிபியில் மீதமிருந்தது 4.5 ஜிபி. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தார்கள், ஆத்திரத்துக்கு ஐந்தும் உதவவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். நானாக இருந்தால் போனையே அணைத்திருப்பேன். கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர்கள்.

க்ரானைப் பற்றி இரண்டு ஸ்லைடு. குறிப்பிட்ட நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் ஏற்பாடு அது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம். பஞ்சாங்கத்துக்கும் அங்கம் ஐந்துதான், ஆனால் பஞ்சாங்கம் உள்ளூர் நேரத்துக்கு எழுதப்பட்டிருக்கும். சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் வாழ்கின்றன. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இது தெரியாமல் காலை ஆறு மணிக்கு என்று நான் வைத்த 'இனிய காலை வணக்கம்' குறுஞ்செய்தி, வாடிக்கையாளர்களுக்குப் பதினொன்றரைக்குப் போனது. ஒருவர் மட்டும் 'மதிய வணக்கம்' என்று பதில் அனுப்பினார்.

சரி, ஐந்தரையைக் கழித்துவிடலாம். கழித்தேன். திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணிக்கு ஓட வேண்டிய வாராந்தர ரிப்போர்ட்டுக்கு, இரவு பத்தரை என்று போட்டேன். கணக்கு சரி. கிழமையைத் திங்கள் என்றே விட்டுவிட்டேன். யூடிசியில் அது ஞாயிற்றுக்கிழமை இரவு. ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வர ஆரம்பித்தது. மூன்று வாரம் யாரும் கேட்கவில்லை. நானே கண்டுபிடித்து, நானே பதறி, மன்னிப்பு மெயில் எழுதியபோதுதான் அதைப் படிக்கிறவர் யாருமே இல்லை என்று தெரிந்தது. இப்போது ஒவ்வொரு க்ரான் வரிக்கும் மேலே, இந்திய நேரம் என்ன, யார் கேட்டார்கள் என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கிறேன். இரண்டாவது தகவல்தான் முக்கியம். யூடிசியிலிருந்து ஐந்தேமுக்கால் மணி தள்ளி வாழும் நேபாளத்து சகாக்களை நினைத்தால்தான் மனசு சற்று ஆறும்.

ஒன்பதாவது ஸ்லைடு ரீஃப்ளாக். அதற்குப் பிறகு வருகிறேன்.

பத்தாவதுக்கு 'கண்ணை நம்பாதே, பைட்டைப் பார்' என்று தலைப்பு வைத்திருந்தேன். இதற்கு முக்கால் மணி நேரமே போதாது. ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்காகத் தமிழில் பெயர் தேடும் வசதி செய்துகொடுத்தோம். ஒருநாள் ஒரு பெரியவர் போன் செய்தார். தன் பெயரை அடித்தால் அப்படி யாரும் இல்லை என்று வருகிறதாம். பெயர் ஸ்ரீநிவாசன். நான் என் கணினியில் அடித்தேன், வந்தது. "இருக்கீங்களே சார்" என்றேன். அவர் மறுபடி அடித்தார். "இங்க நான் இல்லையேப்பா" என்றார். கால் மணி நேரம் இப்படியே போனது. இருக்கிறார், இல்லை, இருக்கிறார். கோயில் வாசலில் நடக்க வேண்டிய விவாதம், கஸ்டமர் சப்போர்ட்டில் நடந்தது.

அவர் அடித்த பெயரை மெயிலில் வாங்கி, சேமிப்பில் இருந்த பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே 'ஸ்ரீ', ஒரே சுழி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே ஸ்ரீ. பிறகு எக்ஸ்எக்ஸ்டி என்ற சின்னக் கருவியில் போட்டு, எழுத்துக்குள் இருக்கும் பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றின் முதல் எழுத்து பி8 என்று முடிந்தது, மற்றது பி6. மூன்றாம் வகுப்பு ஏசிப் பெட்டி எண் போல. பெரியவர் பி6-ல் ஏறியிருக்கிறார், டிக்கெட் பி8-ல் இருக்கிறது.

விஷயம் இதுதான். யூனிகோடில் ஸ்ரீயை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005-ல் சேர்க்கப்பட்ட 'ஶ' வைத்தும் எழுதலாம். ஃபாண்ட் இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு. 'கொ' போன்ற எழுத்துகளிலும் இந்த இரட்டை வேடம் உண்டு. அங்கே கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருந்தாலும், நார்மலைசேஷன் என்ற சலவை போட்டால் ஒன்றாகிவிடும். ஸ்ரீக்கு அந்தச் சலவையும் பலிக்காது. நாமாக ஒன்றை இன்னொன்றாக மாற்றி எழுதித்தான் தேட வேண்டும். இரண்டு வரி கோட் எழுதினேன். பெரியவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இப்ப இருக்கேன்" என்றார், ஏதோ வைகுண்ட ஏகாதசிக்கு வாசல் திறந்த திருப்தியில்.

தமிழ் வைத்து வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. 'தமிழ்' என்பது மூன்று எழுத்து என்று நமக்குப் பள்ளியில் சொன்னார்கள். பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்கிறது, ஏனென்றால் விசிறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி ஆட்கள். யுடிஎஃப்-8 கோப்பில் போட்டு பைட்டாக எண்ணினால் பதினைந்து. டேட்டாபேஸ் கட்டத்துக்குப் பத்து பைட் போதும் என்று யாராவது அளவு எடுத்தால், தாய்மொழியின் பெயர்கூட உள்ளே நுழையாது.

மற்ற ஸ்லைடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் பழைய கட்டளைகளைத் தேடலாம், இது தெரியாமல் நான் மேல் அம்பை அமுக்கி அமுக்கி விசையில் எழுத்து அழிந்த கீபோர்டு ஒன்று இருக்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை எஸ்எல் என்று தப்பாக அடிப்பவர்களுக்கு, எஸ்எல் என்றே ஒரு புரோகிராம் உண்டு. நிறுவிக்கொண்டால், ஒவ்வொரு தப்புக்கும் திரை முழுக்க ஒரு நீராவி ரயில் நிதானமாகப் போகும். கன்ட்ரோல்-சி அடித்தாலும் நிற்காது. ரயில்வே கேட்டில் நிற்பது மாதிரி நின்று, கடைசிப் பெட்டி போகும்வரை செய்த தப்பை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஜப்பான்காரர் எழுதியது.

கிட் பைசெக்ட் என்பது அகராதியில் சொல் தேடுவது போல. நடுவில் திறந்து, முன்னாலா பின்னாலா என்று பார்த்து, பாதியைத் தள்ளிவிடுவது. ஆயிரம் கமிட்டில், அதாவது பதிவு செய்த மாற்றங்களில், எது புரோகிராமைக் கெடுத்தது என்பதைப் பத்துத் தடவையில் சொல்லிவிடும். ஒருமுறை யாரையோ கையும் களவுமாகப் பிடித்துவிடும் வெறியில் ராத்திரி பதினொரு மணிக்கு இதை ஓட்டினேன். பத்தாவது தடவையில் கமிட்டைக் கொடுத்தது. 'சின்ன மாற்றம்' என்று தலைப்பு, கீழே என் பெயர். மறுநாள் மீட்டிங்கில், "யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்கள். "தனிப்பட்ட ஆளைக் குறை சொல்றது நம்ம கலாசாரம் இல்லை" என்றேன். கைதட்டினார்கள்.

கடைசி ஸ்லைடு, என் மேஜையில் இருக்கும் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் 1999-ல் எழுதிய 'தி பிராக்மேடிக் புரோகிராமர்' புத்தகம் பரப்பிய யோசனைதான். பிழை பிடிபடவில்லையென்றால், ஒரு ரப்பர் வாத்தை எதிரில் வைத்து, புரோகிராமை வரி வரியாக அதற்கு விளக்கு. விளக்கும்போதே தப்பு உனக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் குளிக்க வாளியும் மக்கும்தான். அதில் வாத்து மிதந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே நாட்டியப் பெண் பொம்மை. கழுத்துக்கு மேல் தலையைத் தனியாகப் பொருத்தியிருப்பார்கள், காற்றுப் பட்டால் ஆடும். என் மேஜைக்கு நேர் மேலே ஏசி.

வாத்தைவிட இது உசத்தி என்று நான் அடித்துச் சொல்வேன். வாத்து சும்மா உட்கார்ந்திருக்கும். "இந்த இடத்துல மதிப்பு காலியா வர வாய்ப்பே இல்லை" என்று நான் பொம்மையிடம் சொன்னால், அது தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டுகிறது. 'ஆமாம்' என்கிறதா, 'அப்படியா சொல்றே?' என்கிறதா, தெரியாது. கடனுக்குச் சாமான் கேட்டவர்களுக்கு எங்கள் அப்பா கல்லாவிலிருந்து ஆட்டிய தலை அது. வந்தவர் ஒரு நிமிஷம் நின்று, பழைய பாக்கியைத் தானே நினைவுபடுத்திக்கொண்டு போய்விடுவார். நானும் சந்தேகப்பட்டு அந்த வரியை மறுபடி பார்ப்பேன். பாக்கி அங்கேதான் இருக்கும்.

இப்போது பிள்ளைகள் ஏஐயிடம் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன், நிறையத் தெரிந்திருக்கிறது. ஆனால் நான் எதைச் சொன்னாலும் மிகச் சரியாகச் சொன்னீர்கள் என்கிறது. அது தப்பென்று அடுத்த நிமிஷம் நானே சொன்னால், அதையும் மிகச் சரியாகச் சொன்னீர்கள் என்கிறது. மண்பொம்மைக்கு இருக்கும் முதுகெலும்பு அதற்கு இன்னும் வரவில்லை.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. அதாவது, நேரத்துக்கு முடிந்தது. பன்னிரண்டு பேரும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்கள். எனக்கு ஏசி காற்றின் மேல் சந்தேகம் வந்தது. கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பையன் கை தூக்கினான். "சார், ரெக்கார்டிங் கிடைக்குமா?" எல்லையில் இருந்த இன்னொரு காலும் வந்துவிட்டது. அதற்குள் கேண்டீனிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வந்துவிட்டதால் அறிவுப் பரிமாற்றம் அத்தோடு நிறைவுற்றது.

சாயங்காலம் ஆறே முக்காலுக்குப் பை எடுத்துத் தோளில் போட்டேன். பன்னிரண்டு பேரில் ஒரு பெண், தேனிப் பக்கம், மேஜை ஓரத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, ஒரு சின்ன டவுட்."

சின்ன டவுட் என்று வருகிறவர்கள் முகத்தில் சின்னதாக எதுவும் இருக்காது. பையை இறக்கினேன். எங்கேயோ பார்த்து, கிட் ரீசெட் ஹார்ட் என்று அடித்திருக்கிறாள். மூன்று நாள் வேலை காணோம். கண்ணில் தண்ணீர் இன்னும் வரவில்லை, கிளம்பிவிட்டது.

"கமிட் பண்ணியிருந்தியாம்மா?"

"பண்ணேண்ணா. ஆனா மெசேஜ் மட்டும் படிக்காதீங்க."

கமிட் செய்யாமல் தொலைத்திருந்தால் கிட்டால் எதுவும் செய்ய முடியாது. செய்திருந்தால், ரீசெட் எதையும் எரித்துவிடாது, பரணில் தூக்கிப் போடும். பழைய பேப்பர்காரர் வரும்வரை அங்கேதான் கிடக்கும். கிட்டின் பேப்பர்காரர் இப்படி அநாதையான கமிட்டுகளை எடுத்துப் போக, வழக்கமாக 30 நாளாவது ஆகும். பரணுக்குப் போட்ட ஏணிதான் ரீஃப்ளாக். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் சில நாள் அவசரத்தில் உருவாக்கிய கருவி இந்த கிட். இங்கிலாந்துப் பேச்சில் அந்தப் பெயருக்கு உருப்படாத மடையன் என்று அர்த்தம். உருப்படாதவர்களுக்கு வேண்டியதையெல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ரீஃப்ளாக் அடித்தேன். வரிசையாக வந்தது. 'ஐயோ'. 'ஐயோ 2'. 'ஐயோ ஃபைனல்'.

"இதுவா?"

"அதான்ணா. ஃபைனல்."

ஒரு வரியில் திரும்பி வந்தது. இதைத்தானே மத்தியானம் ஒன்பதாவது ஸ்லைடில் கத்தினேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. பதினோரு செருப்பு ஞாபகம் வந்து, நாக்கு உள்ளே போய்விட்டது. "சாப்பிட்டுத் தூங்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடித்தேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் மேஜையில் பொம்மை இல்லை. ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் கேட்டேன், தெரியாது என்றார். மூன்று வரிசை தள்ளி, புதியவர்கள் உட்காரும் பக்கம் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பொம்மையைத் திரைக்கு எதிரே திருப்பி வைத்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே ஏசி காற்று வராது. அதனால் பக்கத்தில் ஒரு குட்டி யூஎஸ்பி ஃபேன்.

"பொம்மை வேணுமேம்மா, எனக்கும் ஒரு பிழை இருக்கு."

அவள் திரும்பவில்லை.

"இருங்கண்ணா, இன்னும் நாலு வரி இருக்கு. நடுவுல நிறுத்தினா அதுக்கு மறந்துடும்."